ரயில் லாட்ஜ்காரம்மா

ஓசூரில் மூன்று லாட்ஜ்களில் எனக்கு அறை இல்லை என்றார்கள். அறைகள் இருந்தன. முதல் லாட்ஜில் சாவிகள் ஆணிகளில் வரிசையாகத் தொங்கியதை நானே பார்த்தேன். "சிங்கிள் லேடீஸுக்குக் குடுக்கறதில்லீங்க" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர். இரண்டாவது லாட்ஜில், "கூட ஆம்பள யாரும் வரலையா?" என்று கேட்டார்கள். வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் செல்வம் அண்ணனைக் காட்டினேன். அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்படின்னா சுத்தமா முடியாது" என்றார்கள். மூன்றாவது இடத்தில் நான் வாயைத் திறப்பதற்குள்ளேயே தலையை ஆட்டிவிட்டார்கள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம். எனக்கு இருபத்தாறு வயது. சென்னையில் ஒரு கம்பெனியில் உருக்கி வார்த்த உதிரிப் பாகங்களைச் சோதித்து வாங்கும் வேலை. வழக்கமாக ஓசூருக்கு வரும் மேலாளருக்குக் காமாலை கண்டதால் என்னை அனுப்பியிருந்தார்கள். ஒரே நாளில் முடிய வேண்டிய சோதனை இழுத்துக்கொண்டது. பார்த்த உருப்படிகளில் பாதிக்குமேல் உள்ளே காற்றுக் குமிழி. மறுநாளும் இருந்தே ஆக வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்தச் சொல்லிவிட்டு அழுதேன். அழுதது துக்கத்தில் இல்லை, கோபத்தில்தான்.

செல்வம் அண்ணன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "சூளகிரி தாண்டி ஒரு ரயில் லாட்ஜ் இருக்குதும்மா. லாரிக்காரங்க சொல்வாங்க. அந்தம்மா யாருக்கும் இல்லேன்னு சொல்லாதாம்."

ரயில் லாட்ஜ் என்றதும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லாட்ஜ் என்றுதான் நினைத்தேன். அந்தச் சாலையில் ரயிலே கிடையாது என்பது எனக்குத் தெரியாது. போய் இறங்கியபோது மாலை வெயிலில் ஒரு ரயில் நின்றுகொண்டிருந்தது. மாமரங்களுக்கு நடுவே, தண்டவாளம் இல்லாமல், சிமெண்டினால் கட்டிய ரயில். முன்னால் தார் டிரம்களை வைத்துப் பூசிய எஞ்சின். பின்னால் எட்டுப் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு அறை. எல்லாவற்றுக்கும் பழைய ரயில்களின் செங்கல் நிறம். நீளத்துக்கும் ஒரு நடைமேடை, அதில் சிமெண்டு பெஞ்சுகள். வாசலில் நிஜ ஸ்டேஷனில் இருப்பதுபோல மஞ்சள் பலகை. 'கிருஷ்ணகிரி' என்று தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதியிருந்தது. கீழே, கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று போட வேண்டிய இடத்தில், 'மட்டம்: யாருக்கும் கீழே இல்லை' என்று இருந்தது.

எஞ்சினுக்குள் உட்கார்ந்திருந்தவர் ஐம்பது வயதுக்காரர். நூல் புடவைக்கு மேலே டிக்கெட் பரிசோதகர் போடும் கறுப்புக் கோட்டு. குட்டை உருவம், கனத்த குரல். என்னைப் பார்த்ததும் பெரிய நோட்டைப் பிரித்தார்.

"பேரு?"

சொன்னேன்.

"வயசு? எங்கருந்து எங்க?"

அதையும் சொன்னேன். மூன்று இடத்தில் அடிபட்டு வந்தவள் அல்லவா, கேட்காமலேயே ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டேன். "என் வீட்டுக்காரர் நாளைக்கு வந்துருவாரு."

அவர் பேனாவைத் தூக்கவில்லை. "நாளைக்கு வர்றவர நாளைக்கு எழுதிக்கலாம் கண்ணு" என்றார். "ஆறாம் நம்பர் பெட்டி. டிரைவருக்கு ஏழு."

அவ்வளவுதான். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மறந்ததால் அல்ல. அவர் நோட்டில் இருந்த பெயர்களை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நானும் அவர் பெயரைச் சொல்வதாக இல்லை.

அறைக்குள் மேலே ஒரு பெர்த், கீழே ஒரு பெர்த். ஜன்னலுக்கு ரயில் ஷட்டர். சுவரில் அபாயச் சங்கிலி. அதன் கீழே, 'இழுத்தால் டீ வரும். காரணமில்லாமல் இழுத்தால் இரண்டு டீ வரும், இரண்டையும் குடிக்க வேண்டும்' என்று எழுதியிருந்தது. இழுத்தேன். டீயோடு வந்தவர் அந்த அம்மாவின் கணவர். ஒல்லியான, பேச்சே இல்லாத மனிதர். வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. பர்கூர் பக்கம் கிரானைட் குவாரியில் வேலை பார்த்தபோது போனவை. எட்டு அறைகளுக்கும் பின்னால் ஒட்டியிருந்த கடைசிச் சின்னப் பெட்டிதான் சமையலறை, அதில்தான் எப்போதும் இருப்பார். ரயில் கார்டுபோலக் கடைசிப் பெட்டியில் இருப்பதால் எல்லோருக்கும் அவர் கார்டு. மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவார்: "கார்டு சார், ஆறாம் நம்பருக்கு ரெண்டு தோசை!"

அதற்குப் பிறகு ஐந்து வருடம், மாதத்துக்கு ஒரு முறையாவது அந்த ரயிலில் தங்கினேன். கம்பெனி பிறகு ஓசூரில் நல்ல விடுதி ஒன்றை ஏற்பாடு செய்தது. வேண்டாம் என்றுவிட்டேன்.

அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. ரயிலில் முன்பதிவுக்கு எழுதித் தரும் தாளில் என்ன கேட்கிறார்களோ அதற்கு மேல் எதையும் யாரிடமும் கேட்கக் கூடாது. "பேரு, வயசு, ஆணா பொண்ணா, எங்கருந்து எங்க. சாதி கேக்கறாங்களா? கல்யாணம் ஆச்சான்னு கேக்கறாங்களா? எத்தன லட்சம் பேரு ஏறி எறங்கறாங்க, அவங்களே கேக்கல. எட்டுப் பெட்டி வெச்சிருக்கற நான் கேக்கணுமா?"

அந்தச் சட்டத்தை அவர் வளைத்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை பெங்களூரிலிருந்து பெரிய காரில் ஒரு குடும்பம் வந்தது. குழந்தைகள் எஞ்சினைப் பார்த்துக் குதித்தார்கள். தகப்பனார் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி இதுல யார் தங்கியிருந்தாங்க? எந்த மாதிரி ஆளுங்க?" என்று கேட்டார். அந்த அம்மா கன்னடத்துக்கு மாறினார். நிதானமாக, மரியாதையாக நாலு வாக்கியம் பேசினார். அந்த மனிதர் முகம் சிவந்து குழந்தைகளைக் காரில் ஏற்றினார்.

"என்னம்மா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"மனுசங்கதான் தங்கியிருந்தாங்க, வேற மாதிரி ஆளு வேணும்னா அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிக்குங்கன்னு சொன்னன். கொழந்தைங்களுக்குத்தான் பாவம். டீச்சங்கிலிய ஒருவாட்டி இழுத்துப் பாத்திருக்கும்."

ஊரில் அவருக்கு நல்ல பெயர் இல்லை. சுற்று வட்டாரத்தில் ரயில் லாட்ஜ் என்று சொன்னால் ஆண்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். பெண்கள் பேச்சை மாற்றுவார்கள். அது அவருக்குத் தெரியும். "சிரிக்கட்டும். சிரிக்கறதுக்கு நான் சார்ஜ் பண்றதில்ல" என்பார்.

நாலு வழிச் சாலைக்காக அளக்க வந்தபோது எஞ்சின் சரியாகக் கோட்டுக்குள் விழுந்தது. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. வந்த அதிகாரி நல்ல மனிதர், சொல்லவே சங்கடப்பட்டார். இந்த அம்மா அவருக்கு மோர் கொடுத்து, "எஞ்சின் மட்டும்தானுங்களே? பெட்டியத் தொடலயே?" என்று கேட்டுக்கொண்டார். ஒரு காலை நேரத்தில் இயந்திரம் வந்து எஞ்சினை இடித்துத் தள்ளியது. ரயில் லாட்ஜுக்குத் தலை போச்சு, இனிமேல் அவ்வளவுதான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து நான் போனபோது ரயிலுக்குப் பின்பக்கம் புது எஞ்சின் நின்றுகொண்டிருந்தது, முன்னதைவிடப் பெரிதாக. ரயில் முழுவதும் திசை திரும்பி, சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நின்றது.

"ஜோலார்பேட்டையில எஞ்சின அந்தப் பக்கம் மாத்தி மாட்றதில்லயா? அது மாதிரிதான்" என்றார். "ஒரே கஷ்டம், சமையக்கட்டையும் அந்தக் கோடிக்கு மாத்துனதுல எங்க கார்டு ரோட்டுப் பக்கம் வந்துட்டாரு. கூச்சப்படறாரு."

ஏன் ரயில் என்று நான் கேட்டது இரண்டு வருடப் பழக்கத்துக்குப் பிறகுதான். மாங்காய்க் காலம். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை என்ற ஆதங்கமா என்று கேட்டேன்.

"அதுவும்தான். ஒரு காலத்துல இருந்துச்சாம், எடுத்துட்டாங்களாம். போர்டாவது இருக்கட்டும்னு வெச்சன்." கொஞ்ச நேரம் நறுக்கினார். "நான் சர்ச்சுக்குப் போற வீட்டுப் பொண்ணு. அவரு கோயிலுக்குப் போற வீடு. ரெண்டு வீட்டுலயும் வெட்டுவன் குத்துவன்னு நின்னாங்க. கெளம்பிட்டோம். கிருஷ்ணகிரியில லாட்ஜு லாட்ஜா ஏறுனோம். தாலியக் காட்டுன்னான் ஒருத்தன். ரேஷன் கார்டு காட்டுன்னான் ஒருத்தன். இன்னொருத்தன் எங்களக் குந்த வெச்சுட்டு எங்கப்பாவுக்கே ஆள் அனுப்பிட்டான். பின்பக்கமா ஓடி, பஸ் புடிச்சு சாமல்பட்டி ஸ்டேஷனுக்குப் போயிட்டோம். சேலத்துக்கு ஒரு டிக்கெட்டு, சேலத்துலருந்து ஜோலார்பேட்டைக்கு ஒரு டிக்கெட்டு, மறுபடியும் சேலம். ரெண்டு நாளு ரயில்லயே குடித்தனம் பண்ணோம் கண்ணு. ஒரு மனுசன் வந்து எழுப்பல. கறுப்புக் கோட்டு போட்டவரு வந்தாரு. நடுங்கிட்டன். டிக்கெட்டக் காட்டுங்கன்னாரு. காட்டுனன். சரின்னுட்டுப் போயிட்டாரு."

கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அவ்ளோதான் கேட்டாரு. அன்னிக்கு எனக்கு அதுதான் பெரிய மரியாதையா இருந்துச்சு."

சமையலறை ஜன்னலில் கார்டு நின்றுகொண்டிருந்தார். கேட்டாரா இல்லையா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கேட்காமலேயே இரண்டு டீ வந்தது.

இரண்டாயிரத்து ஆறில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு நான் ஆறாம் எண்ணில் இருந்தேன். இரண்டாம் எண்ணில், முந்தின நாள் மாலை வந்த ஒரு ஜோடி. அந்தப் பெண் ஓசூரில் ஏதோ கம்பெனியின் அசெம்பிளி லைனில் இருக்கிறவள். யூனிஃபார்ம் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். பையன் வெல்டர். மறுநாள் பத்து மணிக்கு ஒரு வக்கீலைப் பார்க்கக் கிருஷ்ணகிரி போவதாகச் சொன்னார்கள். சாப்பிடும்போது அந்தப் பெண் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கினாள். வேறு வேறு வீடு, வேறு வேறு தெரு என்பது யாரும் சொல்லாமலே புரிந்தது.

காலை ஏழு மணி இருக்கும். பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஜீப்புகள் வந்து நின்றன. பத்துப் பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் அந்தப் பெண்ணின் தாய்மாமன் என்பது பேச்சில் தெரிந்தது.

"எங்க வீட்டுப் பொண்ணு உள்ள இருக்குது. வெளிய அனுப்பு."

அந்த அம்மா கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே நடைமேடைக்கு வந்தார். "யாரு உள்ள இருக்காங்கன்னு நான் யாருக்கும் சொல்றதில்லீங்க. நாளைக்கு நீங்க தங்கி, உங்களத் தேடி யாராச்சும் வந்தாலும் சொல்ல மாட்டன்."

"கதவ ஒடைப்போம்."

"எட்டுக் கதவு இருக்குது. உள்ள இருக்கறவங்க எல்லாம் தூங்கி எழுந்திரிக்கற நேரம். லாரி டிரைவருங்க இருக்காங்க, அவங்க கதவ ஒடச்சா அவங்க சும்மா இருப்பாங்களான்னு எனக்குத் தெரியாது." கொஞ்சம் யோசிப்பதுபோல நின்றார். "ஒண்ணு பண்ணலாம். ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்கறன். அவங்க சரின்னா நீங்க எட்டிப் பாத்துக்குங்க. அவங்க வேணாம்னா இல்ல. எட்டாம் நம்பர்லருந்து வருவோம்."

பிரஷை வாயிலிருந்து எடுத்தேன். இந்த அம்மாவா இப்படிச் சொல்வது? எட்டிலிருந்து வந்தால் கடைசியில் இரண்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்?

எட்டில் ஆந்திராவிலிருந்து வந்த லாரி டிரைவர். அவரிடம் தெலுங்கில் நடந்ததை முதலிலிருந்து விளக்கினார். டிரைவர் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து, எதிரில் நின்றவர்களிடம் தாமும் நாலு கேள்வி கேட்டார். ஏழில் ஒரு பூச்சி மருந்து விற்பனையாளர், அவர் குளித்துக்கொண்டிருந்தார். "குளிச்சிட்டு வரட்டும்" என்று அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பத்துப் பேரும் நின்றார்கள். பிறகு என் கதவு.

"ஏம் பாப்பா, இவங்க உள்ள பாக்கணுங்கறாங்க. உனக்குச் சம்மதமா?"

என் பக்கம் பார்த்த அவர் கண்ணில் ஒரு அவசரமும் இல்லை. அப்போதுதான் புரிந்தது. "இருங்க, துணியெல்லாம் கெடக்குது, எடுத்து வச்சிட்டு வர்றேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டேன். ஒன்றுமில்லாத அறையில் அளவுகருவிப் பெட்டியைத் திறந்து மூடி, திறந்து மூடி, கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன். அவ்வளவு பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஐந்தில் திருப்பதியில் மொட்டை போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த கோலார்ப் பக்கத்துக் குடும்பம். அதில் ஒரு பெரியவருக்குக் காது கேட்காது. அவருக்குக் கன்னடத்தில் மூன்று தடவை விளக்கினார். நாலும் மூன்றும் முடிந்து இரண்டாம் கதவுக்கு வந்தபோது எட்டேகால். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளே இரண்டு டீ டம்ளர்கள் மட்டும் இருந்தன.

ஜீப் சத்தம் கேட்டதுமே கார்டு அந்த இருவரையும் சமையலறை வழியாக இறக்கி, மாந்தோப்புக்குள் நடத்திக்கொண்டு போய், மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப்போகும் வண்டியில் உட்கார வைத்துவிட்டார்.

தாய்மாமனுக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அந்த அம்மாவின் கோட்டைக் கொத்தாகப் பிடித்து இழுத்துத் தள்ளினார். அந்த அம்மா நடைமேடையிலிருந்து கீழே விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குள் லாரி டிரைவர் ஜாக்கிக் கம்பியோடு குறுக்கே வந்துவிட்டார். மொட்டை போட்ட குடும்பம் முழுவதும், காது கேட்காத பெரியவர் உட்பட, வந்து நின்றது. நானும் நின்றேன். கையில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது. அதைத்தான் நீட்டிக்கொண்டிருந்தேன் என்று பிறகு லாரி டிரைவர் சொல்லிச் சிரித்தார். ஜீப்புகள் திரும்பிப் போயின.

அந்த அம்மாவைத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்தோம். வலது மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது. முகம் வெளிறியிருந்தது.

"மணி என்ன?" என்றார்.

"எட்டரை ஆகப் போகுதும்மா."

"அப்ப வண்டி டோல்கேட்டத் தாண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் வலியில் கத்தினார்.

அந்த இருவருக்கும் கல்யாணம் ஆகி, கோயம்புத்தூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்த அம்மாவுக்குக் கதை அதோடு முடியவில்லை. பதினைந்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டு அவரை வரச் சொன்னார்கள். நான் சாட்சி சொல்லவென்று சென்னையிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை.

அறுபது, எழுபது ஆண்கள் இருந்தார்கள். பேசியவர் மாங்காய் மண்டிக்காரர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மரியாதையாகத்தான் பேசினார். "நாங்க யாரும் உன் பொழப்பக் கெடுக்க வரலம்மா. நம்ம ஊருலயும் பொண்ணுங்க இருக்குது. ஓடிப் போனா தங்கறதுக்கு எடம் இருக்குதுன்னு தெரிஞ்சா எந்தப் பொண்ணு வீட்டுல நிக்கும்? இனிமே குடும்பமா வர்றவங்களத் தவிர யாரையும் சேக்க மாட்டன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துரு. விட்டுடறோம்."

"போக எடம் இல்லாததாலதான் பொண்ணுங்க நிக்குதுன்னா அது வீடு இல்லீங்க. அதுக்குப் பேரு வேற" என்றார் அந்த அம்மா.

சலசலப்பு எழுந்தது. ஒருவர் என் பக்கம் கை நீட்டினார். "இது யாரு? எந்த ஊரு? உன் வீட்டுக்காரர் எங்கம்மா?"

எழுந்து நின்றேன். குரல் நடுங்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமைதான். "எனக்குக் கல்யாணம் ஆகலை. விருதுநகர்ப் பக்கம். மூணு வருஷமா இவங்க லாட்ஜில தனியாத்தான் தங்குறேன். இனிமேலும் தங்குவேன்."

மண்டிக்காரர் வெள்ளைத் தாளையும் பேனாவையும் மேஜை மேல் வைத்தார். அந்த அம்மா எழுந்து போனார். வலது கை மாவுக்கட்டில் இருந்தது. இடது கையில் பேனாவைப் பிடித்து எழுத ஆரம்பித்தார். பழக்கமில்லாத கை, ஒவ்வொரு எழுத்தாகக் கிறுக்கினார். நாலைந்து நிமிடம் ஆனது. கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது. சிலருக்கு நிம்மதிகூட வந்திருந்தது. மண்டிக்காரர் தாளை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி படிக்க வாயைத் திறந்தார்.

"முடியாது" என்று படித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். வேறு ஒன்றும் இல்லை. கீழே கோணல் மாணலாகக் கையெழுத்தும் தேதியும் மட்டும்.

அதற்குப் பிறகு ஊர் அவரை விட்டுவைக்கவில்லை. பால்காரர் வருவதை நிறுத்தினார். பக்கத்துக் கடையில் மளிகை தர மறுத்தார்கள். கார்டு வாரத்துக்கு இரண்டு தடவை பர்கூர் வரை போய்ச் சாமான் வாங்கி வந்தார். மஞ்சள் பலகையில் சாணி அடித்தார்கள், அந்த அம்மா கழுவினார். மறுபடி அடித்தார்கள், மறுபடி கழுவினார். மூன்றாவது தடவை கழுவிவிட்டு, புது வண்ணம் வாங்கி எழுத்துகளை இன்னும் பெரிதாக்கினார். லாரிக்காரர்கள் வருவது மட்டும் நிற்கவில்லை. அவர்களும் வராத சில ராத்திரிகளில் நான் ஒருத்திதான் எட்டுப் பெட்டி ரயிலில் தனியாகத் தங்கியிருந்திருக்கிறேன். "என்னம்மா, கஷ்டமா இருக்குதா?" என்று கேட்டால், "கஷ்டமாத்தான் இருக்குது. அதுக்காக?" என்பார்.

இரண்டாயிரத்து எட்டில் எனக்கு வேலை மாறியது. ஓசூர்ப் பக்கம் போவது நின்றது. நான் கடைசியாக அங்கே தங்கிய காலையில் நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

பையை எடுத்துக்கொண்டு நடைமேடைக்கு வந்தபோது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அந்த மாங்காய் மண்டிக்காரர். பின்னால் ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். மடியில் ஒரு துணிப்பை. கன்னத்து எலும்புக்கு மேலே கருநீலமாக வீங்கியிருந்தது. அவருடைய மகள். பெங்களூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

அவர் எஞ்சின் வாசல்வரை வந்து நின்றார். அந்த அம்மா நோட்டைப் பிரித்து வைத்தார்.

"வீட்டுல வெச்சிருந்தா அவ புருசன் வீட்டுக்காரங்க வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க" என்றார் மண்டிக்காரர், தரையைப் பார்த்து. "ரெண்டு வாட்டி கூட்டிட்டுப் போயிட்டாங்க. எங்க அண்ணன் தம்பிங்களே அனுப்பி வெச்சுருவாங்க. என்னால தடுக்க முடியல. இங்கருந்து யாரையும் கூட்டிட்டுப் போக முடியாதுன்னு…"

முடிக்கவில்லை. முடிக்கும்படி அந்த அம்மா கேட்கவும் இல்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தார். "பேரு சொல்லு கண்ணு."

பெண் சொன்னாள். வயதையும் சொன்னாள். எங்கிருந்து என்பதைச் சொன்னாள். எங்கே போகிறாள் என்பதற்குப் பதில் வரவில்லை.

"அது அப்பறமா எழுதிக்கலாம். மூணாம் நம்பரு. போ, போயிப் படு. பசிச்சா சங்கிலிய இழு."

பெண் நடந்து போனாள். மண்டிக்காரர் ஒரு அடி எடுத்து வைத்தார். அந்த அம்மா கறுப்புக் கோட்டோடு வாசலில் நின்றார். ஒதுங்கவில்லை.

"ஒண்ணு சொல்லிடறன். அவ ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பா இருக்குது. போடறதும் தொறக்கறதும் அவ இஷ்டம். அவ புருசன் வந்தாலும் அப்பிடித்தான். நீங்க வந்தாலும் அப்பிடித்தான்."

மண்டிக்காரர் சரி என்று தலையை ஆட்டினார். திரும்பிப் போய் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தார். ஆனால் கிளப்பவில்லை. மூன்றாம் எண் கதவு மூடி, உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். கேட்ட பிறகுதான் வண்டியைக் கிளப்பினார்.